ஆட்டக்காரருக்கு மட்டுமா விசுவாசம்?

கொடுமுடி. காவிரிக் கரை. மாலை நேரம்.

பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பையன் மட்டும் படித்துறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் முதுகில் ஜடேஜாவின் பெயர் எழுதிய மஞ்சள் பனியன்.

"ஏனுங் அப்பாரு, ஜடேஜா நம்மள உட்டுப்போட்டு ராஜஸ்தானுக்குப் போயிட்டாரே! அவரை இனி வையலாமுங்களா?" என்று தாத்தாவைக் கேட்கிறான்.

"ஏன் கண்ணு, அவரா போனாரு? அனுப்பிச்சுப்போட்டாங்களா? அதை மொதல்ல கேளு!" என்கிறார் பெரியவர்.

சரியான கேள்வி! ஆட்டக்காரர் அணி மாறினால் உடனே "விசுவாசம் இல்லாதவன்" என்கிறோம். "கோடி கோடியாய் வாங்கியும் ஆசை அடங்கவில்லை" என்கிறோம். அணி ஆட்டக்காரரை மாற்றினால் மட்டும் "கெட்டிக்கார நிர்வாகம்" என்கிறோம். இது என்ன நியாயம்?

ஜடேஜாவின் கதை

ஜடேஜா 2008-ல் ராஜஸ்தான் அணியில்தான் ஐ.பி.எல். ஆட்டத்தைத் தொடங்கினார். ஒப்பந்தம் முடிந்த சமயம். ராஜஸ்தானுடன் அதைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் பேசினார் என்று குற்றம் சாட்டினார்கள். தண்டனை என்ன? 2010-ம் ஆண்டு முழுவதும் ஐ.பி.எல். ஆடக்கூடாது!

2012 ஏலத்தில் சென்னை அணி அவரை 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2023 இறுதி ஆட்டம் யாருக்கு மறக்கும்? கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் வேண்டும். ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி! கோப்பை சென்னைக்கு வந்தது.

2025 நவம்பரில் அதே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவும் அதற்குச் சம்மதித்தார். ஐ.பி.எல். விதிப்படி ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் இப்படி மாற்ற முடியாது. இரு தரப்பும் பேசி முடித்த காரியம் இது. இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

அமெரிக்கக் கூடைப்பந்து

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இன்னும் அதிகம். அங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களைச் சம்மதம் கேட்காமலே வேறு ஊர் அணிக்கு மாற்றிவிடலாம்.

அந்தோணி டேவிஸ் என்று ஓர் ஆட்டக்காரர். 2019 ஜனவரியில், ஒப்பந்தம் முடியும் முன்பே, "என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள்" என்று கேட்டார். அதைப் பகிரங்கமாகச் சொன்னதற்கு 50 ஆயிரம் டாலர் அபராதம். அந்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். 2020-ல் கோப்பையும் வென்றார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணி அவரை டல்லாஸ் அணிக்கு அனுப்பிவிட்டது. அவர் கேட்கவில்லை! பதிலுக்கு டல்லாஸ் கொடுத்த ஆள் லூகா டான்சிச். முந்தின ஆண்டுதான் டல்லாசை இறுதிப் போட்டி வரை கொண்டு போனவர். அவரும் கேட்கவில்லை! டல்லாஸ் ரசிகர்கள் அரங்கத்தின் வாசலில் கூடி நின்று கொதித்தார்கள்.

ஆட்டக்காரர் மாற்றம் கேட்டால் அபராதம். முதலாளி மாற்றினால் அது வியாபாரம். பார்த்தீர்களா!

இத்தனைக்கும் இந்த டல்லாஸ் அணியில்தான் டர்க் நோவிட்ஸ்கி என்பவர் 1998 முதல் 2019 வரை, 21 பருவங்கள், வேறு அணிக்கே போகாமல் ஆடினார். விசுவாசமுள்ள ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

போகும் உரிமை

ஒரு காலத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்த பிறகும் தம் இஷ்டப்படி வேறு அணிக்குப் போக முடியாது. ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற கூடைப்பந்து வீரர் 1970-ல் வழக்குப் போட்டார். 1976-ல் சமரசம் ஏற்பட்டது. வேறு அணிக்குப் போகும் வழி அதன் பிறகுதான் திறந்தது.

அதே 1976-ல்தான் நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கோடி வாங்கும் ஆட்டக்காரரும் கொத்தடிமையும் ஒன்றல்ல. ஆனால் "வேலையை விட்டுப் போக மனிதனுக்கு உரிமை உண்டா?" என்ற கேள்வி ஒன்றுதான்.

நமக்கு இது தெரியாத விஷயமா? நம் பக்கத்து விசைத்தறிப் பட்டறைகளில் முன்பணம் வாங்கிய தொழிலாளி, அதைத் தீர்க்காமல் அடுத்த பட்டறைக்குப் போக முடியாமல் தவித்த கதை எத்தனை! கல்யாணத்துக்கு வாங்கிய பணம், குழந்தை பிறந்த பிறகும் தீராது. அப்படிக் கட்டிப்போட்டு வாங்குவதற்கு விசுவாசம் என்று பெயரில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். தறித் தொழிலாளியின் மகன். 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே விலை 40 லட்சம், அணி ஐதராபாத். 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. மூன்று அணிகள் மாறினார். ஆனால் 2023-ல் சொந்த ஊரிலே பையன்களுக்காக ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். இவரை விசுவாசம் இல்லாதவர் என்று யார் சொல்வார்?

எது குற்றம்?

அப்படியானால் ஆட்டக்காரர் எது செய்தாலும் சரியா? இல்லை!

ஜேம்ஸ் ஹார்டன் என்ற கூடைப்பந்து வீரருக்கு ஹூஸ்டன் அணியில் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் சம்பளம். வேறு அணிக்குப் போக விரும்பினார். பயிற்சி முகாமுக்கு நேரத்தில் வரவில்லை. 2021 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் தோற்றதும், "இந்த அணி தேறாது" என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். மறுநாளே அணி மாறினார். அதற்குப் பிறகும் 2022-ல் ஒரு முறை, 2023-ல் ஒரு முறை மாறினார்.

போக விரும்பியது குற்றமல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டே வேலையில் மனம் வைக்காததுதான் குற்றம். கூட ஆடும் தோழர்களைப் பலர் அறியக் குறைத்துப் பேசியது அதைவிடக் குற்றம். டிக்கெட் வாங்கிய ஏழை ரசிகன் என்ன பாவம் செய்தான்?

கொடுமுடி கண்ட நீதி

இதற்கு நியாயம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கொடுமுடியிலேயே இருக்கிறது. கே. பி. சுந்தராம்பாள் 1908-ல் பிறந்த ஊர் இது.

அவர் கிட்டப்பாவுடன் ஸ்பெஷல் நாடகங்களில் நடித்த காலம். ஸ்பெஷல் நாடகம் என்றால் நடிகர்கள் ஒரே கம்பெனியில் கட்டுண்டு கிடப்பதில்லை. ஓர் இரவுக்குப் பேசிக்கொண்டு வருவார்கள். விடிய விடியப் பாடுவார்கள். விடிந்ததும் வேறு ஊர், வேறு மேடை, வேறு கூட்டாளி. அதைத் துரோகம் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய இரவில் பாட்டில் குறை வைத்தால்தான் ஜனங்கள் கோபித்தார்கள்.

1933-ல் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார். 1935-ல் "நந்தனார்" படம் வந்தது. அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! நாடே வாயைப் பிளந்தது. அதிலே நந்தனாராகவே வேஷம் போட்டார். பிறகு ஔவையாராக நடித்தார். 1980-ல் மறையும் வரை சபதத்தை மீறவில்லை.

ஒரு லட்சம் வாங்கியதால் அவர் வாக்குக் கெட்டதா? இல்லை. வாக்கைக் காத்ததால் சம்பளம் குறைந்ததா? அதுவும் இல்லை. தொழிலுக்கு உரிய விலையைக் கேட்பது வேறு. கொடுத்த சொல்லைக் காப்பது வேறு. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கலாம்.

அணி முதலாளிகளே! விசுவாசம் வேண்டுமானால் முதலில் நீங்கள் காட்டுங்கள். மாற்றப் போவதை ஆட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆட்டக்காரர்களே! போக வேண்டுமா, நேரில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை, முதல் நாள் போலவே ஆடுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நாளை மில்லிலோ கடையிலோ வேலைக்குப் போவான். நல்ல சம்பளம் கேட்கவும், கிடைக்காவிட்டால் மரியாதையாக விடைபெறவும் சொல்லிக்கொடுங்கள். இருக்கும் நாள் வரை ஒழுங்காக உழைக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

படித்துறையில் உட்கார்ந்திருக்கும் தம்பி! அந்த மஞ்சள் பனியனைக் கழற்ற வேண்டாம். ஜடேஜா சென்னைக்கு ஆடிய நாள்களில் முழு மனத்தோடு ஆடினார். அதுதான் விசுவாசம். எழுந்து போய் ஆடு!