வீட்டில் விறகு அடுப்பு வைக்கப் போறீங்களா? பினாங்குவாசிகள் முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கியை

பொங்கலன்று காலை. மூன்று செங்கல், நாலு விறகு, ஒரு பானை. ஐந்தே நிமிடத்தில் உங்களுக்குக் கண் எரிகிறது. பாட்டி மட்டும் அசராமல் ஊதாங்குழலை ஊதிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும் விறகு நெருப்பின் மேல் உள்ள ஆசை நமக்குப் போகவில்லை. தரை வீடு வாங்கியவருக்குப் பின்கட்டில் பீட்சா அடுப்பு வேண்டும். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டைப் புதுப்பிப்பவருக்குக் கரி அடுப்பு வேண்டும். கேமரன் மலையில் கணப்பு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்தவருக்கு, வரவேற்பறையிலேயே ஒன்று இருந்தால் நல்லா இருக்குமே என்று தோன்றும்.

சரி, எதை வாங்குவது? எந்த நிறுவனம், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். எரியும்போது வரும் புகை எங்கே போகுது என்பதுதான் முதல் கேள்வி.

புகையில் அப்படி என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரிந்தால் புகை மிகக் குறைவு. போதுமான காற்றோ சூடோ கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போதுதான் புகை கிளம்புகிறது. அதில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். இந்தத் துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை.

2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பினாங்கிலும் பள்ளிகளை மூடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அன்று நாம் பயந்ததும் இதே நுண்துகளுக்குத்தான். காட்டுத் தீயில் வருவதும் அடுப்பில் வருவதும் ஒரே வகைத் துகள்கள்.

வீட்டுக்குள் ஏற்படும் காற்று மாசினால் 2020-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முக்கியக் காரணம், விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரித்துச் சமைப்பது. அதிகம் பாதிக்கப்படுவது அடுப்படியிலேயே நாளைக் கழிக்கும் பெண்களும், அவர்கள் பக்கத்தில் இருக்கும் குழந்தைகளும்.

நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது புதுக்கதை இல்லை. ரப்பர் ஷீட்டை உலர்த்தப் புகைக்கூடத்தில் ரப்பர் விறகை எரித்தார்கள். லயத்துச் சமையலறையிலும் விறகுதான். ஷீட்டுக்குப் புகை தேவைப்பட்டது. சமைத்த பெண்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனாலும் அவர்கள் அதைச் சுவாசித்தார்கள்.

திறந்த நெருப்பா, மூடிய பெட்டியா?

குளிர் நாடுகளின் பழைய வீடுகளில் சுவருக்குள் திறந்த கணப்பு இருக்கும். பார்க்க அழகு. ஆனால் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் அறைக்குக் கிடைக்கும். மீதி புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான், அந்தக் குழிக்குள்ளேயே பொருத்தும் இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே வரும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி, மேலே புகைபோக்கிக்குள் செல்லும் எஃகுக் குழாய். நல்ல பெட்டியாக இருந்தால் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு வரை அறைக்குக் கிடைக்கும். உள்ளே சூடு அதிகம் என்பதால் புகையிலுள்ள வாயுக்களும் எரிந்துவிடும்.

லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் இதை வாங்க யோசித்தால் ஒன்று சொல்லுங்கள். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய பெட்டி வேண்டாம். பெரிதாக இருந்தால் வெக்கை தாங்காமல் காற்றை அடைத்து மெல்ல எரிய விடுவார்கள். அப்போது புகைபோக்கிக்குள் தார் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கலாம்.

அப்போ பினாங்கில் இது தேவையா?

வீட்டைச் சூடாக்கவா? தேவையே இல்லை. பினாங்கு மலை உச்சியில்கூட அடிவாரத்தைவிட ஏறக்குறைய ஐந்து டிகிரிதான் குறைவு. அழகுக்காகக் கணப்பு வைத்துவிட்டு, வெக்கை தாங்காமல் ஏர்கானைத் திறப்பதில் அர்த்தமில்லை.

சமைக்கவா? அதற்கும் மூடிய பெட்டியின் பாடமே பொருந்தும். விறகு எரியும் இடம் சிறியதாக, சுற்றிலும் செங்கல்லோ களிமண்ணோ வைத்துச் சூட்டைக் காப்பதாக இருக்கட்டும். அடியில் காற்று நுழைய வழியும், மேலே புகைபோக்கியும் வேண்டும். மூன்று கல் அடுப்பில் இவை எதுவும் கிடையாது.

கடைவீட்டின் நடுவில் இருக்கும் முற்றம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நல்லது. ஆனால் அதையே புகைபோக்கி என்று நினைக்காதீர்கள். காற்று திசை மாறினால் புகை மாடி அறைகளுக்குள்ளேதான் போகும்.

கரி புகையாதே, அது பாதுகாப்பா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கரிக்குப் பெயர்போன ஊர் நமக்குத் தெற்கே, தைப்பிங்கிற்குப் பக்கத்திலுள்ள கோல செப்பத்தாங். அங்கே மலாயில் 'பாக்காவ்' எனப்படும் அலையாத்தி மரத்தை, குவிமாடம் போன்ற செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். மரம் வருவது சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள மாத்தாங் அலையாத்திக் காட்டிலிருந்து. 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி வளர்க்கப்படும் காடு அது.

சூளையிலேயே ஈரமும் புகையும் போய்விடுவதால் கரி எரியும்போது கண் எரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் எளிதாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி உயிரையே எடுக்கலாம். விறகுப் புகை இருமலாவது வரவழைக்கும், நாம் எழுந்து வெளியே ஓடுவோம். கரி அந்த எச்சரிக்கையைக்கூடத் தராது.

ரோட்டோரக் கடையில் கரியில் 'சார் குவே தியாவ்' கிண்டுபவரைச் சுற்றித் திறந்த காற்று இருக்கிறது. மழை பெய்கிறதே என்று அதே அடுப்பை அடுக்குமாடி வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் ஆபத்து. பால்கனிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. அணைந்ததுபோல் தெரியும் கரியும் அந்த வாயுவை வெளியிடும்.

எந்த விறகு நல்லது?

மரவகையைவிட ஈரப்பதம் முக்கியம். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்கவே சூடு செலவாகும், மீதி புகைதான். இங்கிலாந்தில் 2021 மே முதல், சிறிய அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

பினாங்கின் ஈரக் காற்றிலும் அந்த அளவுக்கு உலர்த்த முடியும். விறகைப் பிளந்து, தரையில் படாமல், மேலே கூரை போட்டு, பக்கவாட்டில் காற்று போக அடுக்குங்கள். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெயிண்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றை எரிக்கவே வேண்டாம். அந்தப் புகையில் விஷம் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 2024-இல் தண்டனை கடுமையானது: 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

திறந்தவெளி எரிப்பு என்றால் என்ன என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கத்திலும் புகைபோக்கி வருகிறது. புகைபோக்கி வழியாகச் செல்லாமல் வெளியில் எரிவதைத்தான் அது அப்படிக் குறிப்பிடுகிறது.

பார்பிகியூ, சமய வழிபாடு போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. அதனால் பொங்கல் பானைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தோட்டக் குப்பையை அந்த நெருப்பில் போடலாம் என்று அர்த்தமில்லை.

வாங்கும் முன் கேளுங்கள்

- உங்களுடையது அடுக்குமாடி வீடா? அப்படியென்றால் விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம்.
- புகைபோக்கி கூரைக்கு மேலே போகிறதா? பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக இல்லையே?
- ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா?
- ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பகுதியில் இருக்கிறீர்களா? சுவரிலோ கூரையிலோ கை வைக்குமுன் பினாங்கு மாநகர் மன்றத்திடம் அனுமதி பற்றிக் கேளுங்கள்.
- வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கேஸ் அல்லது மின்சார அடுப்பே போதும்.
- கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்கினீர்களா? அடுப்புச் செலவிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு எரியும்போது யாருக்காவது தலை சுற்றினால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள், பிறகு 999-ஐ அழையுங்கள்.

அடுத்த பொங்கலுக்கு அடுப்பு வாசலிலேயே இருக்கட்டும். விறகை இப்போதே பிளந்து காய வையுங்கள். பாட்டியைக் காற்று வரும் பக்கமாக உட்கார வைத்துவிட்டு, ஊதாங்குழலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.