கப்பல்ல போலாமா ஆயா? - சொகுசுக் கப்பலில் குடும்பச் சுற்றுலா... பிளஸ் என்ன, மைனஸ் என்ன?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். கூடத்தில் இரண்டு தறிகள். சொசைட்டிக்கு நெய்யும் குடும்பம். குடும்பத் தலைவருக்கு வைகாசியில் அறுபது வயது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவாகி, அதற்காகவே கட்டிவந்த சீட்டும் கைக்கு வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் சென்னையில் இருக்கும் மகள் ஒரு யோசனை சொன்னார். "அப்பா, கோயில்ல கல்யாணத்தை சிம்பிளா முடிச்சிடலாம். மண்டபம், ஊருக்கே விருந்துன்னு ஆகற செலவுல நாம பத்து பேரும் கப்பல்ல போயிட்டு வரலாம்."

பேரப்பிள்ளைகள் மூவரும் அப்போதே துள்ளிக் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "கப்பல்ல போலாமா ஆயா?" என்று ஒன்பது வயதுப் பேத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஆயா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூணு வேளையும் அவங்களே சமைச்சுப் போடுவாங்களா?"

82 வயது பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "நடுக்கடல்ல தீப்பிடிச்சா எங்கடா ஓடுவீங்க?"

இந்த உரையாடல் இப்போது பல வீடுகளில் நடக்கிறது. செல்போனைத் திறந்தால் கப்பல் விளம்பரம். நீச்சல் குளம், நடனம், விதவிதமான சாப்பாடு. ஆனால், அறுபது வருட உழைப்பின் சேமிப்பில் கைவைக்கும் முன் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு பெரிய கப்பல்?

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் 4-ம் தேதி சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் அது. 11 தளங்கள், சுமார் 800 அறைகள். நீளம் ஏறக்குறைய 690 அடி. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்தால், மூன்றரை கோபுர நீளத்துக்கு மேல் வரும். 1990-ல் கட்டப்பட்டு, பல பெயர்களில் வெளிநாடுகளில் ஓடிய பிறகு இந்தியாவுக்கு வந்த கப்பல் இது.

2023 ஜூன் 5-ம் தேதி இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அந்தப் பயணத்தின் துறைமுகங்கள்.

உலக அளவில் பார்த்தால் இது சின்னக் கப்பல்தான். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 20 தளங்கள் கொண்டது. ஏழு நீச்சல் குளங்கள், ஆறு தண்ணீர்ச் சறுக்குகள். அதிகபட்சம் 7,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். ஒரு பேரூராட்சியே கடலில் மிதப்பது போல.

பிளஸ்: எல்லோருக்கும் ஒரே கூரை

ரயிலிலோ வேனிலோ குடும்பத்தோடு போகும்போது பாதி நேரம் பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். கப்பலில் பெட்டியை ஒருமுறை அவிழ்த்தால் போதும். நாம் தூங்கும்போதே அறை அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடும்.

கூட்டுக் குடும்பத்துக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. பெரியவருக்கு நடக்க முடியாது, பதினான்கு வயதுப் பேரனுக்கு உட்கார முடியாது. சுற்றுலாவில் ஒருவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுப்பதில்தான் சண்டை ஆரம்பிக்கும். கப்பலில் பெரியவர் மேல்தளத்தில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்க்கலாம். பிள்ளைகள் அவர்களுக்கென இருக்கும் விளையாட்டு அறைக்குப் போகலாம். மாலையில் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடலாம். லிஃப்ட் இருப்பதால் மூட்டுவலிக்காரர்களும் திணறத் தேவையில்லை. சக்கர நாற்காலி நுழையும் அறைகள் மிகக் குறைவாகவே இருக்கும். வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஆயாவின் கேள்வி. ஆம், மூன்று வேளையும் அவர்களே சமைத்துப் போடுவார்கள். அடிப்படைச் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல் என்பதால் சைவமும் ஜைன உணவும் கிடைக்கும். ஊர் சுற்றப் போனாலும் இட்லி, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பும் பெண்களுக்கு, பாத்திரம் தொடாத இரண்டு நாள் என்பது நீச்சல் குளத்தைவிடப் பெரிய சொகுசு.

காஞ்சிபுரத்துக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. சென்னைத் துறைமுகம் காரில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். விமான டிக்கெட் செலவு இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் சென்னைக்கே திரும்பும் பயணத்துக்கு இந்தியர்களுக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கைப் பயணம் என்றால் பாஸ்போர்ட் கட்டாயம்.

மைனஸ்: விளம்பர விலை வேறு, கடைசி பில் வேறு

பட்டுச்சேலைக்கு விலை சொன்னால் காஞ்சிபுரத்துக்காரர்கள் உடனே தலையாட்ட மாட்டார்கள். ஜரிகை அசலா, எடை என்ன, கோர்வையா என்று கேட்பார்கள். கப்பல் டிக்கெட்டையும் அப்படித்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

விளம்பரத்தில் வரும் 'ஆரம்ப விலை' பெரும்பாலும் ஜன்னலே இல்லாத உள் அறைக்கானது. அதுவும் ஒரு அறையில் இருவர் தங்கினால், ஒருவருக்கான கட்டணம். அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி, ஊழியர்களுக்கான சேவைத்தொகை எல்லாம் சேரும். கப்பலில் ஏறிய பிறகு குளிர்பானம், வைஃபை, சில சிறப்பு உணவகங்கள், மசாஜ், கரையில் சுற்றிப்பார்க்கும் பயணம் என ஒவ்வொன்றுக்கும் தனி பில். பெரும்பாலான கப்பல்களில் ரொக்கம் கேட்க மாட்டார்கள், அறை அட்டையை நீட்டினால் போதும். காசு கையைவிட்டுப் போவதே தெரியாது. இறங்கும் நாளில்தான் மொத்தமும் தெரியும்.

நெசவாளர் வீட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தறி நின்றால் கூலி நின்றுவிடும். தறிக்குச் சம்பளத்துடன் விடுமுறை கிடையாது. ஐந்து நாள் பயணம் என்றால் ஐந்து நாள் கூலியையும் டிக்கெட் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஊர் பார்க்கப் போகிறீர்களா, கப்பல் பார்க்கவா?

சென்னையிலிருந்து கிளம்பும் இரண்டு இரவுப் பயணத்தில் கப்பல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடும். எந்த ஊரும் வராது. ஊர்களைத் தொடும் நீண்ட பயணங்களிலும் ஓர் ஊரில் கிடைப்பது சில மணி நேரம்தான். திருகோணமலைக்குப் போனால் கோணேசுவரரைத் தரிசிக்கலாம், ஆனால் மனம் நிறைய உட்கார்ந்திருக்க முடியாது. ஊர் பார்ப்பதுதான் ஆசை என்றால் ரயிலும் பஸ்ஸுமே மேல்.

பட்டியலில் இருக்கும் ஊருக்குக் கப்பல் போயே தீரும் என்ற உறுதியும் இல்லை. 2022 ஜூனில் புதுச்சேரி அருகே வந்த கப்பலுக்கு அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் இருந்த சூதாட்ட வசதி அப்போது பெரிய சர்ச்சையானது. வானிலையும் இப்படிப் பாதையை மாற்றலாம். கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகளைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

சூதாட்டம், மது இரண்டும் இத்தகைய கப்பல்களில் உண்டு. பிள்ளைகளை அங்கே விட மாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதுதான் குடும்பத்தின் வேலை!

பள்ளியும் பருவமும்

2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சென்னை சீசன் ஜூன் தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. காரணம், தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும், அப்போது வங்கக்கடலின் நம் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். கடலுக்கு அது சரி, பள்ளிக்கூடத்துக்குச் சரியா? கோடை விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும் நேரம் அது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் வார இறுதியில் வரும் குறுகிய பயணமே தோது. கப்பலின் பாதையும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்ப்பது அவசியம்.

அமைதியான கடலிலும் சிலருக்குத் தலைசுற்றும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பெரியவரின் பயம் வீண் பயமா?

இல்லை. அவர் தலைமுறைக்கு 'எம்.வி.சிதம்பரம்' நினைவிருக்கும். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூருக்குத் தமிழர்களை ஏற்றிச்சென்ற கப்பல். 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்து பலர் உயிரிழந்தனர். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிய 'கோஸ்டா கன்கார்டியா'வில் 32 பேர் இறந்தனர். அந்தக் கப்பலில் அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பிறகு சர்வதேச விதி கடுமையானது. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சியை நடத்தியாக வேண்டும். உயிர்காக்கும் அங்கி எங்கே, ஆபத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று அப்போது சொல்வார்கள். செல்ஃபி எடுக்கும் ஆர்வத்தில் அதைத் தவறவிடக் கூடாது.

தீயைவிட அதிகம் நடப்பது தொற்று. மூடிய இடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைத் தொட்டுச் சாப்பாடு எடுத்தால் வாந்தி, பேதி எளிதில் பரவும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த சுமார் 3,700 பேரில் 700-க்கும் மேற்பட்டோருக்கு கொரோனா பரவியது. அந்தக் கப்பலில் இந்தியர்களும் நூற்றுக்கு மேல் இருந்தனர்.

கப்பலில் டாக்டர் இருப்பார், முதலுதவி கிடைக்கும். பெரிய மருத்துவமனை கிடையாது, சிகிச்சைக்குக் கட்டணமும் தனி. இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் ஒப்புதலும், கப்பல் பயணத்தையும் உள்ளடக்கிய காப்பீடும் இல்லாமல் ஏறக் கூடாது. கர்ப்பம் 24-வது வாரத்தை எட்டியவர்களையும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

கடலுக்கு என்ன ஆகிறது?

சாயக் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. அதே கேள்வி கப்பலுக்கும் பொருந்தும். சர்வதேச விதிப்படி, சுத்திகரிக்கப்படாத கழிப்பறை நீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விட வேண்டும். விதி இருக்கிறது, கடைப்பிடிப்பது கப்பலைப் பொறுத்தது. வெனிஸ் நகரம் தாங்காது என்று, 25,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதன் முக்கியக் கால்வாய் வழியே செல்ல இத்தாலி 2021 ஆகஸ்ட் முதல் தடை விதித்திருக்கிறது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

* எல்லா வரியும் கட்டணமும் சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் வாங்க வேண்டும்.

* நான்கு பேர் ஒரே அறையில் என்றால் இருவருக்கு மேல்படுக்கை. வயதானவர்களுக்குக் கீழ்ப்படுக்கை உறுதியா என்று கேட்க வேண்டும்.

* கரை மறைந்ததும் செல்போன் சிக்னல் போய்விடும். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் போன் தானாகச் சேர்ந்தால் ரோமிங் கட்டணம் எகிறும். ஏறியதும் ஃப்ளைட் மோடு.

* நீச்சல் குளத்தில் எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. சின்னப் பிள்ளைகளை, பால்கனியிலும் குளத்திலும், கண்பார்வையிலிருந்து விடக் கூடாது.

* மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. பெட்டி அறைக்கு வந்துசேர நேரமாகலாம். கைப்பையிலேயே இருக்கட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எடுத்த முடிவு

மகள் ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சேலை எடைச்சீட்டைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இலங்கைப் பயணத்தை அடித்தார். பால்கனி அறையை அடித்தார். "ரெண்டு நைட்டு போதும். மிச்சப் பணம் பேங்க்லயே இருக்கட்டும். தாத்தாவுக்கு ஏதாவதுன்னா யார்கிட்ட போய் நிக்கறது?"

பெரியவரை விட்டுவிட்டுப் போவதா என்ற பேச்சு வந்தபோது, அவரே முடித்துவைத்தார். "2019-ல அத்தி வரதரைப் பாக்க அஞ்சு மணி நேரம் வரிசையில நின்னவன்டா நான். உங்க கப்பல்ல நாற்காலி போடுவாங்கல்ல? வரேன். ஆனா அந்த டிரில்ல நான்தான் முதல்ல நிப்பேன்."

தேதிதான் பாக்கி. ஆவணி முகூர்த்தத்துக்கான சேலை தறியில் இருக்கிறது. அதை அறுத்துக் கொடுத்துவிட்டு, வரும் முதல் வார இறுதி என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

ஆயா இன்னும் ஒரு சந்தேகம் கேட்டார். "சாப்பிட்ட தட்டையும் அவங்களே கழுவிடுவாங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ சரி, புக் பண்ணு."