கூரைக்கு மேலே ஓடும் கேபிள்கள்

படுக்கையில் மல்லாந்து கிடக்கும் நோயாளிக்கு நாள் முழுவதும் கண்ணில் படுவது கூரைதான். அந்த வெள்ளைப் பலகைகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எங்களிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே. ஏசி குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே நூற்றுக்கணக்கான நெட்வொர்க் கேபிள்கள் அங்கே ஓடுகின்றன. உங்கள் இதயத்துடிப்பைச் செவிலியர் மேசையிலுள்ள திரைக்குக் கொண்டுசேர்ப்பவை அவையே. இம்மருத்துவமனையின் புதிய பிரிவுக்கு எவ்வகைக் கேபிள் வாங்குவது என்பது இப்போது பேசப்பட்டு வருகிறது. இம்முடிவைப் பொறியாளர்களிடமும் கொள்முதல் பிரிவினரிடமும் மட்டும் விட்டுவிடலாகாது என்பது நுரையீரல் மருத்துவர்களாகிய எங்கள் கருத்து.

காரணம் புகை. மலிவான கேபிள்களின் மேலுறை பெரும்பாலும் பிவிசியால் ஆனது. தூய பிவிசியின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். அதனாலேயே அது எளிதில் தீப்பற்றுவதில்லை. ஆனால் சுற்றிலும் தீ மூண்டுவிட்டால், அது கரும்புகையையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் வெளிவிடுகிறது. அவ்வாயு மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. ஆஸ்துமா உள்ளவருக்குச் சிறிதளவே போதும், மூச்சுக்குழாய் இறுகிவிடும். எந்தத் தீயிலும் எழும் கார்பன் மோனாக்சைடும் உடன் சேர்கிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் வாயு அது. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இவ்வேறுபாடு தெரியாது. நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் தீப்பற்றியது. 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது மேல்மாடிகளுக்கு ஏறிய புகை. அங்கே கேபிளே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தீ ஒரு தளத்திலும் சாவு வேறொரு தளத்திலும் இருக்கக்கூடும் என்பதையே நினைவூட்டுகிறோம். அலுவலகத்தில் இருப்பவர் படியிறங்கி ஓடிவிடுவார். வென்டிலேட்டரில் இருப்பவரை இறக்க மூன்று நான்கு பேர் வேண்டும்.

கேபிள்களின் தரக்குறியீடுகள் இவ்வேறுபாட்டை ஓரளவு கணக்கில் கொள்கின்றன. அமெரிக்க முறையில் பொதுப் பயன்பாட்டுக்கு சிஎம், தளம்விட்டுத் தளம் செல்லும் செங்குத்துப் பாதைக்கு சிஎம்ஆர், காற்று சுழலும் கூரை இடைவெளிக்கு சிஎம்பி. ஐரோப்பிய முறையிலோ தீ பரவும் வேகத்தோடு புகை, எரிந்து சொட்டும் துளிகள், அமிலத்தன்மை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. மருத்துவர்களுக்கு மிகவும் பிடித்த குறி அந்தக் கடைசிக் குறிதான்! நம் நாட்டுச் சந்தையில் 'எல்எஸ்இசட்எச்' என்ற பெயரில் குறைந்த புகையுடைய, ஹாலஜன் அற்ற கேபிள்கள் கிடைக்கின்றன. ஆனால் அவ்வெழுத்துகள் புகையைப் பற்றி மட்டுமே பேசுகின்றன, தீ பரவுவதைப் பற்றி அல்ல. தனியாகத் தொங்கவிட்டுச் சோதித்தபோது தானே அணைந்த கேபிள், நூறு கேபிள்களோடு கட்டாகக் கிடக்கும்போது மேலும் மேலும் எரியலாம். ஆகவே கட்டாக வைத்துச் செய்யப்படும் சோதனையிலும் தேறியதா என்று கேட்டாக வேண்டும்.

விலை கூடும் என்பது உண்மை. கட்டடம் முழுவதற்கும் உயர்ந்த வகையே வேண்டுமென்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தனிக் கட்டடத்திலுள்ள கணக்குப் பிரிவுக்கு எதுவாயினும் சரி. நோயாளிகள் படுத்திருக்கும் தளங்களிலும் அவர்களை இறக்கும் வழிகளிலும் புகை குறைந்த, ஹாலஜன் அற்ற வகையே வேண்டும். கூரை இடைவெளி வழியே ஏசி காற்று திரும்பும் இடங்களில் சிஎம்பி தரத்துக்குக் குறைந்ததை ஏற்கலாகாது. கேபிள் நுழையும் சுவர்த் துளைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். துளை திறந்திருந்தால் விலையுயர்ந்த கேபிள் வாங்கியும் பயனில்லை. இவற்றைக் கொள்முதல் குழுவுக்கு எழுத்திலேயே கொடுத்துள்ளோம்.

அறுவைச் சிகிச்சையின் ஆபத்துகளைக் கேட்டறியும் உங்களுக்கு இதைக் கேட்கவும் உரிமை உண்டு. கேபிளின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "தீப்பிடித்தால் என் தந்தையை எந்த வழியாக, யார் இறக்குவார்கள்?" என்று வார்டு பொறுப்பாளரிடம் கேளுங்கள். படிக்கட்டுக் கதவுகள் தாமாக மூடிக்கொள்வது புகையைத் தடுப்பதற்காகவே. காற்று வரட்டும் என்று யாரேனும் அங்கே செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தால், அதை எடுத்துவிட்டுச் செவிலியரிடம் தெரிவியுங்கள்.