துணைக்கரமும் கைகழுவலும்

மருத்துவர் இறந்தால் அவரது குடும்பம் தெருவுக்கு வந்துவிடாது என்ற பொதுநம்பிக்கை பொய். இதை முதலில் உணர்ந்தது அவர்களது தொழில்முறை அமைப்பே. 1928இல் கொல்கத்தாவில் தோன்றிய இந்திய மருத்துவ சங்கத்தின் மாநிலக் கிளைகள் பல, ஓர் உறுப்பினர் மறைந்தால் ஏனையோர் தலைக்கு இவ்வளவு எனச் செலுத்தி அக்குடும்பத்திடம் சேர்க்கும் திட்டங்களை நடத்துகின்றன. சில கிளைகள் வழக்குச் செலவையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆலைத் தொழிலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த பரஸ்பர உதவிதான் இது, வரவேற்கிறோம்.

ஆனால் இந்தத் துணைக்கரத்தைக் காட்டி அரசு கைகழுவ முடியாது. கொரோனாவில் மாண்ட மருத்துவப் பணியாளர்களின் விவரம் தங்களிடம் இல்லை என 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கூறியது. 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட வேண்டிய நிலை சங்கத்துக்கு ஏற்பட்டது. கைதட்டச் சொன்னவர்களுக்கு எண்ணத் தெரியவில்லை!

இத்திட்டங்களால் மட்டும் தீராத சுமையைச் சுமப்பவர் முதுநிலைப் பயிற்சி மருத்துவர். வாரத்துக்கு 48 மணி நேரப் பணி என்ற ஒன்றிய அரசின் உத்தரவு 1992லேயே வந்தது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழுவோ 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் வரம்பு கூடியிருக்கிறது! அதுவும் பல மருத்துவமனைகளில் எட்டாக்கனி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணையம் தந்த பதிலின்படி, ஐந்தாண்டுகளில் தற்கொலை செய்துகொண்ட மருத்துவ மாணவர்கள் 122 பேர். அவர்களில் 58 பேர் முதுநிலை மாணவர்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் மருத்துவர், நீண்ட பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்க நேர்ந்தது, முறையான ஓய்வறை இல்லாததால்தான்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. இருக்கட்டும். காலிப் பணியிடத்தை ஒரு தொலைபேசி அழைப்பு நிரப்பாது. அதே இரவுப்பணியில் நிற்கும் ஒப்பந்தச் செவிலியருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் சங்க நிதியும் கிடையாது, உறுப்பினர் அட்டையும் கிடையாது.

மருத்துவர் அமைப்புகள் தம் மாநில வலைப்பின்னல்களின் கதவை இவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். 1992 உத்தரவை நடைமுறைப்படுத்து, காலிப் பணியிடங்களை நிரப்பு என்ற முழக்கம் சுகாதாரத்துறைத் தொழிற்சங்கங்களின் கூட்டுக் கோரிக்கையில் முதலிடம் பெற, அவற்றில் பணியாற்றும் நம் தோழர்கள் முயல வேண்டும்.