அஸ்வெசும எடுப்பவருக்கு வாக்கு எதற்கு?

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள். ஓய்வறையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "சேர், அஸ்வெசும எடுக்கிற ஆக்களுக்கு வோட்டு இருக்கப்படாது. வரி கட்டுறது நாங்க, ஆளைத் தெரிவு செய்றது அவங்களா?" ஐந்தாறு பேர் இருந்தோம். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. மணி அடித்தது, எழும்பி வகுப்புக்குப் போய்விட்டேன்.

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே பேச்சை இப்போது அடிக்கடி காண்கிறேன். பேசுபவர்களில் படித்தவர்களே அதிகம்.

அந்த ஆசிரியர் கெட்ட மனிதரல்ல. அவருடைய வாதத்தில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. உதவி பெறுபவர் கூடுதலாகத் தருவேன் என்பவருக்கே வாக்களிப்பார், அரசியல்வாதியும் கொடுத்துக்கொண்டே போவார், கடைசியில் திறைசேரி காலியாகும், 2022இல் நடந்தது அதுதான் என்பது அவர் கணக்கு.

ஆனால் 2022க்கு முன்னர் நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பார்ப்போம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் தரப்பட்ட பெரிய வாக்குறுதிகளில் ஒன்று வரிக் குறைப்பு. வென்ற கையோடு அதே ஆண்டு டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. அடுத்த மாதம், உழைக்கும்போது செலுத்தும் வரி நீக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததற்கு அந்தச் சரிவு முக்கிய காரணங்களில் ஒன்று. அந்த வரிக் குறைப்பால் அதிகம் மிச்சம் பிடித்தவர்கள் சமுர்த்திக்காரர்களா? 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கான விசேட பண்ட வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டபோது இலாபம் யாருக்குப் போனது என்பதும் ஊரறிந்த கதை. சீனி இறக்குமதியாளரின் வாக்கைப் பறிக்க வேண்டும் என்று எந்த ஓய்வறையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

'வரி கட்டுறது நாங்க' என்பதும் அவ்வளவு சரியில்லை. நம் நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பகுதி மறைமுக வரிகளிலிருந்தே வருகிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். அஸ்வெசும எடுக்கும் பெண் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது அவரும் வரி கட்டுகிறார், கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும். அரச பணத்தில் வாழ்பவர்களைக் கழிப்பதென்றால் திறைசேரியிலிருந்து மாதச் சம்பளம் எடுக்கும் நானும் என் நண்பரும் முதலில் கழிபட வேண்டும். நாங்கள் வேலை செய்துதானே வாங்குகிறோம் என்று அவர் சொல்வார். உண்மைதான். ஆனால் சம்பளத்தைக் கூட்டுவேன் என்ற கட்சிக்கு நாங்கள் தபால் வாக்குப் போட்டதேயில்லையா?

இந்த யோசனை புதியதுமல்ல. பிரித்தானியாவில் ஏழை நிவாரணம் எடுத்தவருக்கு வாக்கு இல்லாதிருந்தது. நிவாரண வைத்தியரிடம் மருந்து வாங்கியதற்காக வாக்கை இழக்கும் நிலை 1885இல்தான் நீங்கியது. முழுத் தடையும் போக 1918 ஆகவேண்டியிருந்தது. ஜப்பானில் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை என்று 1925இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வறுமையால் உதவி பெற்று வாழ்பவர்களை அதிலும் விலக்கிவைத்தார்கள்.

இலங்கை இந்தப் படியைத் தாண்டியே வந்தது. டொனமூர் ஆணைக்குழு இங்கு வந்தபோது, படிப்பும் சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாக்கு இருந்தது. அது சனத்தொகையில் சுமார் 4 சதவீதம். சர்வசன வாக்குரிமையைக் கேட்டு நின்றவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆணைக்குழு சிந்தித்த விதத்தை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஏழைகளையும் தொழிலாளர்களையும் பாதுகாக்கும் சட்டங்கள் இந்நாட்டில் பின்தங்கிக் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். வாக்குரிமையை விரிவாக்க அதையும் ஒரு காரணமாகக் கொண்டார்கள். 1931இல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வந்தது. பதினான்கு வருடங்களில், 1945இல், கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. வாக்கு முதலில் வந்தது, உதவி அதன் பின்னால் வந்தது. உதவியைக் காட்டி வாக்கைப் பறிப்பதென்றால் இந்த வரலாற்றைத் தலைகீழாக ஓட்ட வேண்டும். நானும் என் நண்பரும் இலவசக் கல்வியில் படித்து, மாதாந்த உதவிப் பணத்துடன் ஆசிரியர் கலாசாலைக்குப் போனவர்கள் என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. அதன் பிறகு பல வருடங்கள் கிடுகுக் கொட்டிலில், அரசாங்கத்தின் உலர் உணவு நிவாரணத்தில் வளர்ந்தேன். அரிசியும் பருப்பும் சீனியும் அட்டைக்கு வரும். அந்த அட்டையை உம்மா குர்ஆன் வைக்கும் தட்டில்தான் பத்திரமாக வைத்திருந்தா.

புத்தளத்தில் வாக்காளராகப் பதிந்தால் நிவாரண அட்டை வெட்டுப்படும், சொந்த ஊரின் உரிமையும் போய்விடும் என்ற பயம் முகாம்களில் பலருக்கு இருந்தது. வாப்பாவும் அப்படித்தான் தயங்கினார். எந்தச் சட்டமும் அவரிடம் 'சோறா, வாக்கா' என்று கேட்கவில்லை. ஆனாலும் அவர் அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரில் வாக்காளராகப் பதிவதற்கு விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2013இல்தான் வந்தது. அதைப் பார்க்க வாப்பா இருக்கவில்லை.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன எங்கள் மக்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலையில் கல்லெறிந்தார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். யாருக்கும் உயிராபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த வரிசையில் போன பஸ் ஒன்றில் என் நானா இருந்தார். நான் வேறொரு ஊரில் தேர்தல் கடமையில். மாலையில்தான் அவரோடு பேசக் கிடைத்தது. "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னார். நிவாரணத்தில் வளர்ந்தவன் வாக்கை மலிவாக விற்பான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வரும்.

அப்படியானால் ஓய்வறையில் பேசியது முழுவதும் வீண் கதையா? இல்லை. உதவிக்கும் வாக்குக்கும் இடையில் ஒரு அழுக்கான முடிச்சு இருக்கிறது. ஜனசவிய, சமுர்த்தி காலம் தொட்டு, பட்டியலில் பெயர் சேர்க்க அரசியல்வாதியின் வாசலில் நின்ற சனத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கூட்டத்துக்கு வராவிட்டால் முத்திரை வெட்டுப்படும் என்று சொன்னவர்களையும் கண்டிருக்கிறோம். இந்த மே மாதத் தேர்தலில் நான் கடமை செய்த வாக்களிப்பு நிலையத்துக்கு வந்த ஒரு மூதாட்டி, விரலில் மை பூசும்போது என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஆருக்குப் போட்டேன்டு கந்தோருக்குத் தெரிய வருமா? காசு நிப்பாட்ட மாட்டாங்கதானே?"

"இல்ல உம்மா, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அதற்கு மேல் பேச எனக்கு அங்கே அனுமதியில்லை.

அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை வாக்களிப்பு சுதந்திரமானதாகவும் சமமானதாகவும் இரகசியமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வாக்காளராக இருக்கத் தகுதியற்றவர் யார் என்பதை 89ஆம் உறுப்புரை வரிசைப்படுத்துகிறது. அதில் ஏழ்மை இல்லை. ஆனால் அந்த மூதாட்டியின் பயத்தை அந்த உறுப்புரைகள் தனியாகப் போக்கப் போவதில்லை. உதவி யாருக்கு, எந்த அளவுகோலில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியல் பகிரங்கமாகத் தொங்க வேண்டும். விடுபட்டவருக்கு மேன்முறையீடு செய்ய வழி வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும குறைந்தபட்சம் காகிதத்திலாவது இந்த வழியில் போகிறது. பிழைகள் ஏராளம், மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. ஆனாலும் மேன்முறையீட்டுப் படிவம் நிரப்புவது, மந்திரியின் வாசலில் காத்திருப்பதை விட மேல். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நம் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தால் என்ன?

இதையெல்லாம் எழுதும்போது இன்னொன்று தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எங்கள் மஹல்லாவில் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையைத் தெரிவு செய்ய, சந்தா நிலுவை இல்லாதவர்களுக்கு மட்டுமே வாக்கு. எல்லா ஊரிலும் இப்படியில்லை, சில ஊர்களில் உண்டு. ஸகாத் குழுவில் நானும் இருக்கிறேன். சென்ற றமழானில் ஸகாத் பெறுவோர் பட்டியலையும் சந்தா நிலுவைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே பெயர்கள். அவர்களுக்கு ஸகாத்தைக் கொடுக்கிறோம், மையவாடியில் இடமும் கொடுக்கிறோம். பள்ளிவாசலை யார் நிர்வகிப்பது என்று மட்டும் கேட்பதில்லை. அஸ்வெசும பற்றி என் நண்பர் சொன்னதை நாங்கள் சட்டமாகவே வைத்திருக்கிறோம். அந்த யாப்பில் என் கையொப்பமும் இருக்கிறது.

நிலுவை உள்ளவர்களுக்கும் வாக்கு வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் ஹாஜியார் வாங்கி வாசித்துவிட்டு, "பார்ப்போம் சேர், ஆனா பிறகு ஒருத்தரும் சந்தா கட்ட மாட்டாங்களே" என்றார்.