வெள்ளிக்கிழமைக் கமக்காரர்

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொழும்பு அரசாங்கத்தார் விந்தையான தீர்மானம் ஒன்றைச் செய்தனர். நாட்டில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, பசளையும் இல்லை. ஆகவே அரசாங்க உத்தியோகத்தர்கள் வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை பெற்று, வீட்டு வளவிலே பயிர் செய்து உண்பார்களாக என்பதே அத்தீர்மானம். மூன்று மாதங்களுக்கு இந்த ஏற்பாடு. கந்தோரிலே கோப்புக் கட்டுகளோடு காலங்கழித்தவர் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளில் கமக்காரர் ஆகிவிடுவார் என்று அமைச்சரவை எண்ணியது போலும்! பசுவுக்கு வெள்ளி ஏது, திங்கள் ஏது? சனிக்கிழமை வாடத் தொடங்கிய கத்தரிக் கன்று அடுத்த வெள்ளி வரை பொறுத்திருக்குமோ?

ஏளனஞ் செய்வதற்காக இதனை நாம் எழுதவில்லை. வீட்டுத் தோட்டம் நல்லது என்பதில் எமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அது எவ்வாறு உண்டாகிறது, எதனால் அழிகிறது என்பதை அறியாதவர்களே அதனைப் பிரசாரஞ் செய்ய முன்வருகிறார்கள் என்பதுதான் எமது வருத்தம்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத மண் இது. மாரியிற் பெய்த மழையைச் சுண்ணாம்புக்கல் தன்னுள் வைத்திருக்க, அதனைக் கிணறு வெட்டித் துலா மிதித்து இறைத்தே எம் முன்னோர் தோட்டஞ் செய்தனர். பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்பது எமது கணக்கு. நாலைந்து பரப்பு வளவு ஒன்றிலே ஒரு குடும்பத்தின் கறியும் பாலும் முட்டையும் விளைந்தன என்றால், அது மந்திரத்தால் விளைந்ததன்று. எதையும் வீணாக்காத ஓர் ஒழுங்கினால் விளைந்தது. வேலியைப் பாருங்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகிய கதியால்கள் எல்லை காட்டுவதோடு நின்றுவிடவில்லை. அவற்றின் குழை ஆட்டுக்கு உணவு. மிகுந்தது தோட்டத்துக்குத் தாட்பசளை. வேலியில் அடைத்த பனையோலை உக்கியதும் அதுவும் மண்ணுக்குள்ளே போயிற்று. பச்சையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போட்டனர். கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்தது. சோறு வடித்த கஞ்சியும், அரிசி கழுவிய நீரும், மரக்கறித் தோலும் பசுவின் வாளிக்குள்ளே போயின. பசுவின் சாணமோ எருக்கும்பிக்குப் போய், மறுபோகத்தில் கத்தரியாகவும் பயிற்றங்காயாகவும் அதே அடுக்களைக்குத் திரும்பிற்று.

இவ்வொழுங்கை நடத்தியவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். விடியுமுன் எழுந்து கொட்டில் கூட்டியவளும், பால் கறந்தவளும், குஞ்சுகளைப் பருந்துக்குத் தப்பவைத்தவளும், பாலும் முட்டையும் விற்ற காசிலே பிள்ளையின் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் வழி செய்தவளும் அவளே. அவளது உழைப்பை எந்தப் புள்ளிவிபரத் திணைக்களம் எண்ணிற்று? கமக்காரன் என்ற சொல்லில்கூட அவளுக்கு இடம் வைத்தோமில்லை.

அரசாங்கத்தாரின் அடுத்த அறியாமைக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவிலே தடை செய்தனர். இயற்கைப் பசளைக்கு மாறுங்கள் என்றனர். கணக்கு எளியது. ஐம்பது கிலோ யூரியா மூட்டையிலே 23 கிலோ நைதரசன் உண்டு. பச்சைச் சாணத்திலோ நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் அது இருப்பது அரிது. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக ஏறத்தாழ 4,600 கிலோ சாணம் வேண்டும்! அதற்கு மாடு எங்கே? மேய்ச்சல் தரை எங்கே? இதைக் கேட்பாரில்லை. பயிர் கருகிய பின், நவம்பரிலே தடை நீங்கிற்று. நட்டத்தைக் கமக்காரன் சுமந்தான்.

எனினும் குற்றம் முழுவதையும் கொழும்பின் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது, எம் தோட்டங்களில் பொன் விளைந்தது. நீரிறைக்கும் இயந்திரமும் மூட்டைப் பசளையும் அப்போது கண்கண்ட தெய்வங்களாயின. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது, பொன் போயிற்று, மூட்டைப் பழக்கம் போகவில்லை. இன்று குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதாக ஆய்வாளர் எடுத்துரைக்கின்றனர். மலக்குழிகளும் அதற்குக் காரணம். அளவு மீறினால் சாணமும் காரணமாகும். ஆனால் பெரும் பங்கு எமது தோட்டங்களினுடையது. கதியால் வேலியைப் பிடுங்கிச் சீமெந்து மதில் கட்டியவரும் நாமே. ஆட்டுக்குக் குழை இல்லை என்று பின்னர் அழுதவரும் நாமே. கொட்டிலை இடித்து வாகனத்துக்குக் கூடாரம் அமைத்த வீட்டார், 2021இலும் 2022இலும் பால்மாப் பெட்டி ஒன்றுக்காகக் கடைவாயிலில் வரிசையாய் நின்றதை நாம் கண்டோம்.

தாமாக விட்டவர் கதை இது. விட நேர்ந்தவர் கதை வேறு. வலிகாமம் வடக்கிலே 1990ஆம் ஆண்டு கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடிய குடும்பங்கள், இருபது முப்பது ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் திண்ணைகளிலும் கிடந்தன. செம்மண் தோட்டத்துக்குப் பேர்போன நிலம் அது. காணியின் ஒரு பகுதி படிப்படியாய் விடுவிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. திரும்பியவர் கண்டது என்ன? தூர்ந்த கிணறு, பற்றைக்காடு, எல்லை தெரியாத வளவு. இடையிலே வளர்ந்த பிள்ளைகளோ மாட்டின் மடியைத் தொட்டறியாதவர்கள். ஒரு தலைமுறையிலே அறுந்த தொழிலறிவை எந்தச் சுற்றுநிருபம் ஒட்டவைக்கும்?

எமது கோரிக்கை பெரிதன்று. வீட்டுத் தோட்டம் என்று விதைப் பொட்டலமும் புகைப்படமும் வழங்கும் விழாக்கள் போதும். எஞ்சிய காணியை உரியவரிடம் கொடுங்கள். மீண்டவருக்குக் கிணறு இறைத்துத் துப்புரவாக்கப் பணமும், ஒரு நாகு வாங்கக் குறைந்த வட்டிக் கடனும் கொடுங்கள். கடன் பத்திரம் வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். ஊர்ப் பொது மேய்ச்சல் தரைகளை அளந்து எல்லை போடுங்கள். பாலுக்குத் தரும் விலை பிண்ணாக்கின் விலையோடு சேர்ந்து ஏறட்டும். மாட்டுக்கு நோய் கண்டால் அன்றைக்கே வரக்கூடிய மிருக வைத்தியர் வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வருபவர் அல்லர்.