படைத்தவன் ஓடலாமா?



விடுதியில் நள்ளிரவுக்குப் பின்னும், விளக்கணைந்த அறைகளில் கணினித் திரை மட்டும் ஒளிர்வதை நாம் அறிவோம். அத்திரைகள் பலவற்றில் ஓடுவன திகில் விளையாட்டுகள். நானும் அவற்றின் ரசிகன்தான். ரசிகன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்லவும், அக்குறை தீர ஒரு புதிய விளையாட்டுக்குத் திட்டம் வைக்கவும் விரும்புகிறேன்.

"வயது வந்தோர்க்கு மட்டும்" என்ற முத்திரை பல விளையாட்டுகளின் மீது இருக்கிறது. 1993ஆம் ஆண்டு அமெரிக்கச் செனட் சபையில், மார்ட்டல் காம்பாட், நைட் டிராப் ஆகிய விளையாட்டுகளைப் பற்றி விசாரணை நடந்தது. அதைத் தொடர்ந்து 1994இல் அங்கே வயதுத் தரம் குறிக்கும் வாரியம் தோன்றியது. 2003இல் ஐரோப்பாவிலும் அத்தகைய முறை வந்தது. குழந்தைகளைக் காக்க வந்த ஏற்பாடு அது. அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த முத்திரை எதை அளக்கிறது? இரத்தம் எவ்வளவு, உடை எவ்வளவு, வசைச்சொல் எவ்வளவு என்று அளக்கிறது. தான் செய்த செயலின் சுமையைத் தானே தாங்கும் நிலைக்கு ஆடுபவனை அது கொண்டு செல்கிறதா என்று அளப்பதில்லை. வயது வந்தவன் என்பதற்கு அதைவிட வேறு இலக்கணம் உண்டோ?

கோதிக் திகில் என்னும் கதைவகை பிறந்ததே இந்தச் சுமையைச் சொல்லத்தான். 1764ஆம் ஆண்டு ஹொரேஸ் வால்போல் எழுதிய ஒட்ரான்டோ கோட்டைக் கதையில், முன்னோன் வஞ்சகமாகப் பறித்த ஆட்சிக்குப் பின்வந்தோர் விலை கொடுக்கிறார்கள். பாழடைந்த மாளிகையும் பூட்டிய அறையும் மூடி மறைத்த பழிக்கு உருவம் தந்தவை. இன்றைய விளையாட்டுகளோ மாளிகையை எடுத்துக்கொண்டன. பழியைப் பெரும்பாலும் வாசலிலேயே விட்டுவிட்டன. 1986இல் வந்த காசில்வேனியாவில் பிராங்கன்ஸ்டைன் படைத்த உயிரும் ஒரு பகைவனாக வருகிறது. சாட்டையால் அடிக்கிறோம், வீழ்கிறது, அடுத்த கட்டத்துக்குப் போகிறோம். 2015இல் வந்த பிளட்போர்னின் இருண்ட நகரத்தை நான் வியந்து பார்த்தவன். ஆயினும் அங்கும் என் கைக்கு வேலை, வெட்டுவதே.

அந்தப் பெயரற்ற உயிர் எங்கிருந்து வந்தது? 1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகையால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டினுள் அடைந்திருந்தவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அவர்களுள் ஒருத்தி மேரி. வயது 18. பிறந்த சில நாட்களில் தாயை இழந்தவள். 1815இல், குறைமாதத்தில் பிறந்த தன் முதற்குழந்தையையும் இழந்தவள். அவள் எழுதிய பிராங்கன்ஸ்டைன், 1818ஆம் ஆண்டு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. திரைப்படம் பார்த்தோர் பலர், பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்றே எண்ணுகின்றனர். அன்று. அது படைத்த மாணவனின் பெயர்.

ஆம், மாணவன்! இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்ற நம் போன்ற மாணவன். ஏறத்தாழ ஈராண்டு இரவுபகலாக உழைத்து, பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். தேடி வந்து கை நீட்டியபோதும் ஓடுகிறான். மறுநாள் அறை வெறுமையாக இருப்பதைக் கண்டு மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சிதான் நூலிலேயே எனக்குக் கொடியதாகப் படுவது.

என் திட்டம் இதுதான்: ஆடுபவன் விக்டர் பிராங்கன்ஸ்டைனாகவே இருக்க வேண்டும். 2019இல் வந்த "தி வாண்டரர்" என்னும் விளையாட்டு, படைக்கப்பட்ட உயிரின் கண்ணால் உலகைக் காட்டியது, நல்ல முயற்சி. நான் கேட்பது, படைத்தவனின் கையை ஆடுபவனுக்குக் கொடுக்கும் விளையாட்டு.

முதற் பகுதி இங்கோல்ஸ்டாட். வேலை சுவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனை வெற்றியும் அடுத்ததைத் தூண்ட வேண்டும். மேசையின் ஓரத்தில் வீட்டுக் கடிதங்கள் குவியும். படிக்காவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. குவியல் மட்டும் உயரும். ஊரைவிட்டு வெகுதொலைவில் படிக்கும் நமக்கு அக்குவியலின் பொருளை விளக்க வேண்டுமா? பிறகு அந்த நவம்பர் இரவு. கண் திறக்கிறது, கை நீள்கிறது, பின்னால் கதவு இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று திரை சொல்லாது. ஓடினால் கதை தொடரும். தங்கினாலும் தொடரும், ஆனால் அந்த வழி எளிதாக இருக்கக் கூடாது. அதற்கு உணவு வேண்டும், மொழி வேண்டும், அண்டை வீட்டார் கண்ணிலிருந்து மறைவு வேண்டும். படிப்பு கெடும், பெயர் கெடும். நன்மைக்கு விலை இல்லையென்றால் அதைத் தேர்ந்ததில் என்ன பெருமை?

இரண்டாம் பகுதி ஜெனீவா நீதிமன்றம். விக்டரின் தம்பி கொல்லப்பட்டான். குற்றம் ஜஸ்டின் என்னும் பணிப்பெண்மேல் விழுந்தது. உண்மை விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று நாவலில் அவன் வாய் மூடுகிறான், அவள் தூக்கிலிடப்படுகிறாள். விளையாட்டில் பேசுவதற்கு ஒரு பொத்தான் இருக்கட்டும். பேசினால் நம்புவார்களா என்பது ஆடுபவனுக்குத் தெரியக் கூடாது. பூதம் இல்லை, இருட்டு இல்லை, ஒரு துளி இரத்தமும் இல்லை. ஆயினும் இதைவிட அச்சம் தரும் காட்சி எது?

மூன்றாம் பகுதி ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவு. தனக்கொரு துணை கேட்டது அந்த உயிர். விக்டர் ஒரு பெண்ணுருவை ஆக்கத் தொடங்கி, பாதியில் சிதைத்துவிடுகிறான். இங்கே உடலும் இச்சையும் வருகின்றன. மலிவான விளையாட்டு இதைக் கண்ணுக்கு விருந்தாக்கும். என் விளையாட்டு ஒரு வினாவை எழுப்பும்: ஒருவன் ஆக்க நினைத்தான், ஒருவன் அடைய நினைத்தான், அவளைக் கேட்டவர் யார்?

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு விதி வேண்டும். பழைய இடத்துக்குத் திரும்பும் வசதி இருக்கக் கூடாது. இன்று பல விளையாட்டுகளில் தவறு நேர்ந்தால் முன்பு சேமித்த இடத்துக்குப் போகிறோம். செத்தவர் எழுந்து நிற்கிறார். அப்படியானால் ஜஸ்டினும் எழுந்துவிடுவாள். மனச்சான்றுக்கு வேலை இல்லாமற் போகும். நடந்தது நடந்ததாகவே நிற்க வேண்டும்.

"களைப்பு நீங்க விளையாட வருகிறோம், இந்தச் சுமை எதற்கு?" என்று கேட்பர் சிலர். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் துன்ப நாடகத்தைக் காசு கொடுத்துப் பார்த்துக் கண்ணீர் விடும் பழக்கம் மனிதனுக்கு நேற்று வந்ததா? 2010இல் சுவீடன் நாட்டின் பிரிக்ஷனல் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் அம்னீஷியா என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ஆடுபவனுக்கு ஆயுதமே கிடையாது. கதைத்தலைவன் தன் பழியை மறக்கத் தானே மருந்து குடித்தவன். ஆடஆட அப்பழி அவனுக்குத் தெரியவருகிறது. அதை உலகெங்கும் விரும்பி ஆடினார்கள். சுமை ஆட்டத்தைக் கெடுக்கவில்லை.

"அப்படியானால் இரத்தமே வேண்டாமா?" என்பர் வேறு சிலர். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1803இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவன் உடலில் ஆல்டினி என்னும் அறிஞர் மின்சாரம் பாய்ச்சினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. மேரியின் காலத்து விஞ்ஞானமே அத்தகையது. பிணவறையை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்ல இயலாது. காட்டுவதை, அதன் விளைவோடு சேர்த்துக் காட்டுங்கள் என்பதே என் கோரிக்கை.

விஞ்ஞான மாணவன் ஒருவன் விளையாட்டைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்? நாம் நாளை ஆக்கப்போவது மருந்தாக இருக்கலாம், புதிய பொருளாக இருக்கலாம், மனிதனுக்காக முடிவெடுக்கும் கணினி நிரலாக இருக்கலாம். ஆக்கும்வரை கற்றுத்தரப் பாடத்திட்டம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, பட்டம் இருக்கிறது. ஆக்கியதன் பக்கத்தில் நிற்கக் கற்றுத்தர என்ன இருக்கிறது? அறவுரை கேட்டுக் கொட்டாவி விடும் நாம், நம் விரலே பொத்தானை அழுத்தியது என்றால் சற்று நேரமாவது தூங்காமல் இருப்போம்.

முழு விளையாட்டைச் செய்யப் பெரும்பணம் வேண்டும். அது நம்மிடம் இல்லை. ஆனால் நீதிமன்றக் காட்சி ஒன்றுக்கு ஓர் அறை, சில உருவங்கள், நல்ல உரையாடல் போதும். நம் சங்கத்தில் நிரல் எழுதுவோர் இருக்கிறார்கள்; ஓவியம் தீட்டுவோர் இருக்கிறார்கள்; இசை அமைப்போர் இருக்கிறார்கள். உரையாடலைத் தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மேசையில் அக்கணினியை வைப்போம். ஜஸ்டின் கூண்டில் நிற்கட்டும். நம்மில் எத்தனை பேர் வாய் திறக்கிறோம் என்று பார்ப்போம்.